தாமதமாக வந்த கோப்பை



காஞ்சிபுரத்தில் இருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்கள் அல்லவா? ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை வரும். நம் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில், 1990ம் ஆண்டு முதல் கார் பந்தயங்கள் நடக்கின்றன. அதற்கு முன்பெல்லாம் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுபாதையில்தான் பந்தயம் நடக்கும்.

கார் பந்தயம் என்றதும் உங்களுக்கு வேகம்தான் நினைவுக்கு வரும். ஆனால், வேகத்தைப் போலவே முக்கியமான இன்னொன்று அதில் உண்டு. அதுதான் எண்ணிக்கை. யார் எத்தனை சுற்று ஓடினார் என்பதைச் சரியாக எண்ணினால்தான், யார் வென்றார் என்று சொல்ல முடியும்.

எண்ணிக்கையின் அருமை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தறி வீட்டுக்குள் நுழைந்தாலும், இழையை எண்ணித்தானே வேலை நடக்கிறது. எண்ணிக்கை தவறினால், கரையில் இருக்கும் மயிலின் கழுத்து கோணிப் போகும். அப்போது நெசவாளர் என்ன செய்வார்? பரவாயில்லை என்று மேலே நெய்து கொண்டே போக மாட்டார். நெய்த ஊடையைப் பிரித்து, தவறு நடந்த இடத்துக்கே திரும்பிப் போய்ச் சரி செய்வார். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். இப்போது, எண்ணிக்கை தவறியதால் தன் கோப்பையை இழந்த ஒருவரின் வரலாற்றைச் சொல்கிறேன்.

அவர் பெயர் வெண்டல் ஸ்காட். அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலத்தில் உள்ள டான்வில் என்ற ஊரில், 1921ம் ஆண்டு ஆகஸ்ட் 29ம் தேதி பிறந்தார். டான்வில்லும் நம் ஊரைப் போல நெசவுக்குப் பெயர் போன ஊர்தான். ஆனால், அங்கே வீட்டுக்கு வீடு தறி கிடையாது. பெரிய பெரிய பருத்தி ஆலைகள். அவற்றோடு புகையிலைத் தொழிற்சாலைகளும் இருந்தன. அந்த ஊரில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றில் வேலைக்குப் போய்விடுவார்கள். வெண்டலுக்கோ அதில் விருப்பமில்லை. அவருடைய அப்பா கார் ஓட்டுவதிலும் பழுது பார்ப்பதிலும் கைதேர்ந்தவர். மகனும் சிறு வயதிலேயே ஸ்பேனரும் கையுமாகத் திரிந்தான்.

ஸ்காட் கறுப்பினத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளிக்கூடம், பஸ்ஸில் தனி இருக்கை, தனிக் குடிநீர்க் குழாய். இதையெல்லாம் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின் போது ஸ்காட் ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் பணியாற்றினார். ராணுவத்திலும் கறுப்பினத்தவருக்குத் தனிப் படைதான்.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பிய அவர், கார் பட்டறை வைத்தார். வருமானம் போதவில்லை. பெரிய குடும்பம் வேறு. அவருக்கு ஏழு குழந்தைகள். அப்போது அவர் ஒரு தவறு செய்தார். இரவு நேரங்களில் கள்ளச் சாராயத்தைக் காரில் கடத்தினார். போலீஸ் துரத்தினால் தப்பிக்க வேண்டுமே. அதற்காகக் காரின் இன்ஜினை மாற்றி அமைத்து, மலைச் சாலைகளில் மின்னலாகப் பறப்பார். 1949ம் ஆண்டு பிடிபட்டார். நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. பெரியவர்களின் வரலாற்றில் நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது முழு வரலாறு ஆகாது. அதனால்தான் இதையும் சொல்கிறேன்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. டான்வில்லில் கார் பந்தயம் நடத்தியவர்களுக்குக் கூட்டம் சேரவில்லை. ஒரு கறுப்பினத்தவரை ஓட வைத்தால் மக்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். யாரைக் கேட்பது? நேராகப் போலீசிடம் போய், உங்களால் பிடிக்க முடியாத வேகத்தில் கார் ஓட்டும் கறுப்பினத்தவர் யார் என்று விசாரித்தார்கள். போலீசார் ஸ்காட்டின் பெயரைச் சொன்னார்கள்! 1952ம் ஆண்டு மே மாதம் தன் முதல் பந்தயத்தில் ஓடினார் ஸ்காட். அப்போது அவருக்கு வயது 30.

அங்கே நடந்தது ஸ்டாக் கார் பந்தயம். ஸ்டாக் கார் என்றால், கடையில் விற்கும் சாதாரண காரைப் போலவே வெளித்தோற்றம் கொண்ட பந்தயக் கார். முட்டை வடிவ ஓடுதளத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓட வேண்டும். இந்தப் பந்தயங்களை அமெரிக்காவில் நடத்தும் அமைப்பின் பெயர் நாஸ்கார். 1948ம் ஆண்டு தொடங்கப்பட்டது. நாஸ்கார் பந்தயங்களில் சேர ஸ்காட் போனபோது, கறுப்பினத்தவர் என்பதற்காகச் சில இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். தன் காரைக் கட்டி இழுத்துக் கொண்டு பேசாமல் ஊர் திரும்புவார். அடுத்த வாரம் வேறு ஊரில் போய் நிற்பார். கடைசியில், 1953ம் ஆண்டு ஓர் அதிகாரி துணிந்து அவருக்கு உரிமம் கொடுத்தார். நாஸ்காரின் முதல் கறுப்பின ஓட்டுநர் ஆனார் ஸ்காட்.

பெரிய ஓட்டுநர்களுக்குக் கார் கம்பெனிகள் பணம் கொடுக்கும். மெக்கானிக்குகள் கூட்டமாக இருப்பார்கள். ஸ்காட்டுக்கு அவரேதான் மெக்கானிக். மகன்கள்தான் உதவியாட்கள். மற்றவர்கள் கழித்துப் போட்ட பாகங்களையும், தேய்ந்த டயர்களையும் வாங்கி ஒப்பேற்றுவார். சில ஓட்டுநர்கள் வேண்டுமென்றே இவர் காரை இடித்துத் தள்ளுவார்கள். பதிலுக்கு இடித்துச் சண்டை போட்டால் தன்னைத்தான் வெளியேற்றுவார்கள் என்று தெரிந்து, பொறுத்துக் கொள்வார். 1961ம் ஆண்டு, நாஸ்காரின் உயர்ந்த பிரிவுக்கு முன்னேறினார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, பந்தயத்தில் நடக்கும் தவறுகளைப் பற்றிச் சொல்கிறேன். ஓட்டுநர் தவறு செய்தால், அதற்கான தண்டனை அந்த நிமிடமே கிடைத்துவிடும். 1979ம் ஆண்டு டேடோனா 500 பந்தயத்தில், கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த டானி ஆலிசனும் கேல் யார்பரோவும் விட்டுக் கொடுக்காமல் மோதிக் கொண்டு, இருவரும் ஓடுதளத்தை விட்டுச் சறுக்கி விழுந்தார்கள். வெகு தூரம் பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி வென்றுவிட்டார்! ஆனால், நடுவர் தவறு செய்தால் தண்டனை நடுவருக்கு இல்லை. ஒரு குற்றமும் செய்யாத ஓட்டுநருக்குப் போய்ச் சேரும்.

அந்தக் காலத்தில் சுற்றுகளை எண்ணக் கம்ப்யூட்டர் கிடையாது. ஓடுதளத்தின் ஓரம் உட்கார்ந்து, கார் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அட்டையில் குறித்துக் கொள்வார்கள். புழுதி பறக்கும், சில கார்கள் நடுவில் பெட்ரோல் போட ஒதுங்கும். ஒரே ஒரு குறி விட்டுப் போனாலும் ஒரு சுற்று காணாமல் போகும். 1959ம் ஆண்டு டேடோனா 500 பந்தயத்தில், முதலில் ஜானி போஷாம்ப் வென்றதாக அறிவித்தார்கள். புகைப்படங்களையும் செய்திப் படத்தையும் பார்த்து, 3 நாட்கள் கழித்து லீ பெட்டிதான் வெற்றியாளர் என்று திருத்தினார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் அட்லாண்டாவில், லீ பெட்டியின் மகன் ரிச்சர்ட் வென்றதாக அறிவிப்பு வந்தது. எண்ணிக்கை தவறு என்று முறையிட்டவர் யார் தெரியுமா? அவருடைய அப்பாவேதான்! மறுபடி எண்ணிப் பார்த்து, அப்பாவுக்கே வெற்றி என்றார்கள். ஆக, தவறுகள் நடப்பது உண்டு, திருத்துவதும் உண்டு.

இப்போது ஸ்காட்டிடம் திரும்புவோம். 1963ம் ஆண்டு டிசம்பர் 1ம் தேதி. புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரம். அரை மைல் மண் ஓடுதளம்; 200 சுற்றுகள்; மொத்தம் 100 மைல், அதாவது 160 கி.மீ., ஸ்காட் ஓட்டியது பழைய செவ்ரலே கார், எண் 34. முன்னணியில் இருந்த ரிச்சர்ட் பெட்டியின் கார் கோளாறு செய்ய, இன்னும் 25 சுற்றுகள் இருக்கும்போது அவரை முந்தினார் ஸ்காட். அதன் பிறகு யாரும் அவரை நெருங்கவில்லை.

பந்தயத் தூரத்தை எல்லோருக்கும் முன்பாக முடித்தார். ஆனால், வெற்றியாளருக்குக் காட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி அவருக்காக அசையவில்லை. பக் பேக்கர் என்ற ஓட்டுநர் வென்றதாக அறிவித்தார்கள். பேக்கர் மேடையேறிக் கோப்பையை வாங்கினார். படம் எடுத்தார்கள். கூட்டம் கைதட்டியது.

சுமார் 2 மணி நேரம் கழித்து, அதிகாரிகள் எண்ணிக்கையில் தவறு நடந்ததாகச் சொன்னார்கள். வென்றவர் ஸ்காட், அதுவும் 2 சுற்று வித்தியாசத்தில்! பரிசுப் பணம் 1,000 டாலரை அவரிடம் கொடுத்தார்கள். ஆனால், அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. கோப்பையும் போய்விட்டது. கைதட்ட ஒருவரும் இல்லை.

ஒரு சுற்று தவறலாம். முன்னால் ஓடியவரின் இரண்டு சுற்றுகளையும் எப்படிக் காணாமல் போட்டார்கள்? மேடையில் வெற்றியாளருக்கு ஒரு வெள்ளையினப் பெண் முத்தமிட்டு வாழ்த்துச் சொல்வது அங்கே வழக்கம். ஒரு கறுப்பினத்தவர் அந்த இடத்தில் நிற்பதை அவர்கள் விரும்பவில்லை என்பதே காரணம் என்று ஸ்காட் நம்பினார். பிறகு அவருக்கு ஒரு சின்ன மரக் கோப்பை கொடுத்தார்கள். அதில் அவர் பெயர்கூட இல்லை.

ஸ்காட் பந்தயத்தை விட்டுவிடவில்லை. தொடர்ந்து ஓடினார். 1966ம் ஆண்டு மொத்தப் புள்ளிகளில் 6வது இடம் பிடித்தார். 1973ம் ஆண்டு டாலடேகா பந்தயத்தில், பல கார்கள் ஒன்றோடொன்று மோதிய பெரும் விபத்தில் படுகாயம் அடைந்தார். அந்தக் காயங்கள்தான் அவர் பந்தய வாழ்வை முடிவுக்குக் கொண்டு வந்தன. உயர்ந்த பிரிவில் மொத்தம் 495 பந்தயங்கள் ஓடியிருந்தார். வென்றது ஒரே ஒரு பந்தயம். அந்த ஜாக்சன்வில் பந்தயம்தான். 1990ம் ஆண்டு டிசம்பர் 23ம் தேதி, தன் சொந்த ஊரிலேயே காலமானார். கோப்பை வரவில்லை.

அவர் பிள்ளைகள் விடவில்லை. அப்பாவுக்கு உரியதைக் கேட்டுக் கொண்டே இருந்தார்கள். 2015ம் ஆண்டு, நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் ஸ்காட்டின் பெயர் சேர்ந்தது. 2021ம் ஆண்டு ஆகஸ்ட் 28ம் தேதி, டேடோனா ஓடுதளத்தில், கூடியிருந்த மக்கள் முன்னிலையில் நாஸ்கார் அந்தக் கோப்பையை ஸ்காட்டின் குடும்பத்தாரிடம் கொடுத்தது. மறுநாள் அவருடைய நூறாவது பிறந்த நாள்! லீ பெட்டிக்கு 3 நாளில் நடந்த திருத்தம், ஸ்காட்டுக்கு நடக்க ஏறக்குறைய 58 ஆண்டுகள் ஆயின. அதே ஆண்டு அக்டோபரில், பப்பா வாலஸ் என்ற இளைஞர் டாலடேகாவில் வென்று, அந்த உயர்ந்த பிரிவில் வெற்றி பெற்ற இரண்டாவது கறுப்பின ஓட்டுநர் ஆனார்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில், ஒரு முறை விடைத்தாளில் கூட்டல் தவறி, ஒரு மாணவனின் 10 மதிப்பெண்ணை விட்டுவிட்டேன். வகுப்பில் எல்லோர் முன்னும் அவனைக் கடிந்தும் பேசிவிட்டேன். வீட்டுக்குப் போய் மறுபடி கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் திருத்திக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது எனக்குச் சுலபம், அவனுக்கு நியாயமில்லை. எல்லோர் முன்னும் திட்டினேன். எல்லோர் முன்னும்தானே என் தவறையும் சொல்ல வேண்டும்? அப்படியே செய்தேன். அன்று அவன் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

ஜாக்சன்வில்லில் பணத்தைக் கொடுத்தார்கள், மேடையைக் கொடுக்கவில்லை. அதனால்தான் அந்தத் தவறு தீராமலேயே கிடந்தது.

குழந்தைகளே! மைதானத்தில் ரன் எண்ணும் வேலை உங்களுக்கு வரலாம்; வகுப்பில் கண்காணிப்பாளராக நிற்க நேரலாம். நீங்களும் தவறு செய்வீர்கள். அப்போது நம் ஊர்த் தறியை நினைத்துக் கொள்ளுங்கள். எந்த இழையில் தவறியதோ, அந்த இழைக்கே திரும்பிப் போங்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ, அவ்வளவு குறைவாகப் பிரித்தால் போதும்.