பாஸ்டனிலிருந்து வந்த மடல்

வால்ட் விட்மனைத் தமிழ்க் கவிஞர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பாரதியார் அவரைப் பற்றி எழுதினார், ந. பிச்சமூர்த்தியின் புதுக்கவிதை முயற்சிக்குத் தூண்டுகோலாய் நின்றது 'புல்லின் இதழ்கள்'. அந்நூலை அச்சேற்ற அவர் பட்ட பாட்டின் கதை இது.

1819ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் லாங் ஐலண்டில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த விட்மன், இளம்பருவத்திலேயே பள்ளியை விட்டு அச்சுக்கூடத்தில் தொழில் பழகினார். பின்னர் ஆசிரியப் பணியும் இதழ்ப் பணியும் பார்த்தார். எனினும் எழுத்துக் கோத்த விரல்களின் பழக்கம் அவரை விட்டு நீங்கவேயில்லை. 1855இல் புரூக்ளினில் ரோம் சகோதரர்களின் சிறிய அச்சகத்தில், தம் சொந்தச் செலவில், 12 கவிதைகளைக் கொண்ட முதற்பதிப்பை அச்சிட்டார். சில பக்கங்களைத் தாமே கோத்தார். 800க்குச் சற்றுக் குறைவான படிகளே அச்சாயின. அவையும் விற்றபாடில்லை.

ஒரே ஆறுதல் எமர்சன் அனுப்பிய பாராட்டுக் கடிதம். அக்கடிதத்தை எழுதியவரின் இசைவு பெறாமலே செய்தித்தாளுக்குக் கொடுத்தார் விட்மன். போதாக்குறைக்கு, 1856இல் வந்த இரண்டாம் பதிப்பின் முதுகில் அதிலிருந்து ஒரு தொடரைப் பொன்னெழுத்தில் பொறித்தும் விட்டார். பெரியோர் ஒருவரின் நட்பைப் பயன்படுத்தத்தக்க முறை அதுவன்று. அப்பதிப்பை விற்க முன்வந்தவர்கள், மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிக் குணம் கூறும் கலையைப் பரப்பி வந்த பௌலர், வெல்ஸ் என்போர். அவர்களோ நூலின் தலைப்புப் பக்கத்தில் தம் பெயரைப் போடத் துணியவில்லை. பெயரைத் தர அஞ்சும் பதிப்பாளர் நூலைக் காப்பாற்றுவாரா? அந்த உறவு நீடிக்கவில்லை.

அடுத்த நான்காண்டுகள் வறுமையும் எழுத்துமாகக் கழிந்தன. 1859இல் இதழாசிரியப் பணியும் போயிற்று. கவிதைகளோ நூற்றுக்கு மேல் பெருகிவிட்டன. பதிப்பாளர் எவரும் இல்லாத நிலையில், ரோம் சகோதரர்களிடமே சில கவிதைகளைக் கோத்து மெய்ப்பு எடுத்து வைத்திருந்தார்.

இந்நிலையில்தான் 1860 பிப்ரவரியில் பாஸ்டனிலிருந்து ஒரு மடல் வந்தது. எழுதியவர்கள் வில்லியம் தேயர், சார்லஸ் எல்ட்ரிட்ஜ் என்னும் இரு இளைஞர்கள். அவர்களுடைய பதிப்பகம் மிகப் புதியது. அடிமை முறையை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய ஜான் பிரௌனின் வரலாற்றை வெளியிட்டு, அதன் விற்பனையால் ஊக்கம் பெற்றிருந்தனர். தம் இளமையை அவர்கள் மறைக்கவில்லை. தம்மைச் சோதித்துப் பார்க்குமாறு கேட்டனர். நூல் வெளிவந்தால் கவிஞருக்கும் பணம் வரும், தங்களுக்கும் நன்மை விளையும் என்று ஒளிவுமறைவின்றி எழுதினர்.

தயங்குவதற்குக் காரணங்கள் இருந்தன. முதல் குறைவு, அனுபவம் குறைவு, அரசியல் சார்போ வெளிப்படை. நாடு பிளவுபடும் வேளையில் அத்தகைய நிறுவனம் எத்தனை நாள் நிற்கும்? மறுபுறம், பெரிய பதிப்பகம் எதுவும் அவர் வாயிலில் காத்திருக்கவில்லை. தாமே அச்சிட்ட நூல் கடைகளைச் சென்று சேராது என்பதையும் அவர் ஒருமுறை பட்டறிந்திருந்தார். மார்ச் மாதம் பாஸ்டனுக்குப் புறப்பட்டார்.

உடன்பாடு எளியது. விலையில் நூற்றுக்குப் பத்து ஆசிரியருக்கு. ஆனால் விட்மனுக்குப் பணத்தினும் பெரிதாக இருந்தது வேறொன்று. எழுத்துரு, தாள், அணிகள், கட்டமைப்பு ஆகியவற்றையெல்லாம் அவர் விருப்பத்துக்கே விட்டனர். அச்சுக்கூடத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகத் திருத்தினார். பழைய தொழிலாளியின் கைக்கு அது எத்தகைய விருந்தாக இருந்திருக்கும்!

அவ்வேளையில் எமர்சன் அவரைப் பாஸ்டன் பொதுத்திடலுக்கு அழைத்துச் சென்றார். இருவரும் இரண்டு மணி நேரம் எல்ம் மரங்களின் கீழ் நடந்தனர். உடலின்பம் பாடும் கவிதைத் தொகுதியை நீக்கிவிடுமாறு எமர்சன் வாதிட்டார். நீக்கினால் நூல் விற்கும் என்பது அவர் கருத்து. வாதங்களுக்கு விட்மனிடம் மறுமொழி இல்லை. ஆயினும் நீக்க இசையவில்லை. பின்னர் இருவரும் சேர்ந்து உணவருந்தினர் என்பது இருவர் பெருமைக்கும் உரியது. பெரிய பெயரும் நெடிய கணக்குப் புத்தகமும் உடைய பதிப்பாளர் அங்கே இருந்திருந்தால் எமர்சனின் பக்கமே சாய்ந்திருப்பார். இளைஞர் இருவரும் ஒரு வரியையும் நீக்கக் கோரவில்லை.

1860 மே மாதம் 456 பக்கங்களில் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அதிலிருந்த கவிதைகளில் பெரும்பாலானவை புதியவை. 'பகல் விடியலில் கொடி' என்ற பொருள்படும் அடுத்த நூலுக்கும் விளம்பரம் வந்துவிட்டது. அது வெளிவரவேயில்லை. அவ்வாண்டு நவம்பரில் லிங்கன் வெற்றி பெற்றார், தென்மாநிலங்கள் பிரியத் தொடங்கின, வணிகம் உறைந்தது. 1861 தொடக்கத்தில் பதிப்பகம் நொடித்துப் போயிற்று. அச்சுத் தகடுகள் கடன்காரர் கைக்குப் போய், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் வொர்த்திங்டன் என்பாரிடம் சேர்ந்தன. அவர் அவற்றைக் கொண்டு அனுமதியின்றி அச்சிட்டு விற்க, தம் நூலுக்கே எதிராகத் தாம் போராட வேண்டியவரானார் விட்மன்.

1862 டிசம்பரில், போரில் காயமுற்ற தம்பியைத் தேடி வாஷிங்டனுக்கு வந்தார் அவர். வழியில் பணம் களவு போயிருந்தது. அப்போது கைகொடுத்தவர், நொடித்த பதிப்பகத்தின் எல்ட்ரிட்ஜ். படைச் சம்பள அலுவலகம் ஒன்றில் பணியாற்றிய அவர், போர்க்களம் செல்ல அனுமதிக்கு உதவினார். பின்னர் அங்கேயே படியெடுக்கும் வேலையும் கிடைக்கச் செய்தார். அதே பதிப்பகத்தில் தம் நாவலை வெளியிட்ட ஓ'கானர் உணவும் இடமும் அளித்தார். அந்த வருவாயைக் கொண்டுதான் விட்மன் மருத்துவமனைகளில் காயமுற்ற வீரர்களிடையே தொண்டாற்றினார். 1865இல் வந்த போர்க்கவிதைகள் அங்கே உருக்கொண்டன. 1866இல் கவிஞருக்காக வாதிட்டு நூல் வெளியிட்டவரும் ஓ'கானரே.

1881இல் பாஸ்டனின் புகழ்பெற்ற ஆஸ்குட் நிறுவனம் அவர் நூலை வெளியிட்டது. மறு ஆண்டு அரசு வழக்கறிஞர் எச்சரித்ததும், சில கவிதைகளை நீக்குமாறு கேட்டது. விட்மன் மறுக்கவே, அந்நிறுவனம் விற்பனையை நிறுத்தித் தகடுகளைத் திருப்பித் தந்துவிட்டது. அவற்றை எடுத்துக்கொண்டு அவர் பிலடெல்பியாவில் ரீஸ் வெல்ஷ் என்னும் மற்றொரு பதிப்பாளரிடம் சென்றார். அங்கே நூல் ஒரு வரியும் குறையாமல் வெளிவந்து, விரைந்து விற்றது.