வாஸ்கோடகாமா: மருந்து கையில் இருந்தும் மாலுமிகள் செத்தது ஏன்?

எர்ணாகுளத்திலிருந்து கோஸ்ரீ பாலம் ஏறினால் வல்லார்பாடம் வந்துவிடும். கண்டெய்னர் முனையம் இருக்கிற அதே தீவுதான். அங்குள்ள மாதா தேவாலயத்தின் தொடக்கம் 1524 என்கிறார்கள். போர்ச்சுகீசியர் கட்டியது வெள்ளத்தில் போய், மறுபடி எழுப்பினார்கள். அதே 1524 டிசம்பர் 24 அன்று, பக்கத்தில் கொச்சியில் வாஸ்கோடகாமா இறந்தார். ஃபோர்ட் கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அவரைப் புதைத்த இடத்தை நீங்கள் இன்றும் பார்க்கலாம். உடலைப் பின்னால் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இந்தியாவுக்குக் கடல்வழி கண்டவர் என்று பள்ளியில் படித்திருப்பீங்க. 1497 ஜூலையில் லிஸ்பனில் அவரோடு கிளம்பியவர்கள் சுமார் 170 பேர், திரும்பியவர்கள் ஏறக்குறைய 55 பேர்தான் என்று யாராவது சொன்னாங்களா? அதிகம் பேரைக் கொன்றது போரோ புயலோ இல்லை. வைட்டமின் சி குறைபாடு, அதாவது ஸ்கர்வி.

இந்த வைட்டமினை நம் உடல் தயாரிக்காது, பெரிதாகச் சேமிக்கவும் செய்யாது. காய்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியுமாக இரண்டு மூன்று மாதம் ஓடினால், திசுக்களைப் பிடித்துவைக்கும் கொலாஜன் சரியாக உருவாகாது. ஈறு வீங்கிப் பல்லை மூடும், கை கால் வீங்கும், ஆறிய புண்கூடத் திறக்கும். 1498 ஜனவரியில் மொசாம்பிக் கரையில் காமாவின் ஆட்களுக்கு இதுதான் நடந்தது. (உங்க ஈறில் ரத்தம் வந்தால் உடனே ஸ்கர்வி என்று பயப்படாதீங்க. பெரும்பாலும் அது சாதாரண ஈறு அழற்சிதான், பல் டாக்டரைப் பாருங்க.)

ஏப்ரலில் மொம்பாசா மன்னர் ஆரஞ்சு, எலுமிச்சை, கரும்பு எல்லாம் அனுப்பினார். நோயாளிகள் தேறினார்கள். ஆனால் கப்பலில் நாட்குறிப்பு எழுதியவரோ, ஊரின் நல்ல காற்றுதான் காரணம் என்று எழுதிவைத்தார். தின்றது பழம், பேர் வாங்கியது காற்று!

அதற்கான விலை திரும்பும்போது தெரிந்தது. மலிந்தியிலிருந்து கோழிக்கோடு வர 23 நாள்தான் ஆனது, பருவக்காற்று தள்ளிவிட்டது. திரும்பும்போது காற்று மாறும்வரை காமா பொறுக்கவில்லை. அக்டோபர் 5-ல் அஞ்சதீவை விட்டவர்கள், ஆப்பிரிக்கக் கரையைக் கண்டது 1499 ஜனவரி 2-ல். கிட்டத்தட்ட மூன்று மாதம். நடுக்கடலில் 30 பேர் செத்தார்கள். ஒவ்வொரு கப்பலிலும் வேலைக்கு ஏழெட்டுப் பேரே மிச்சம். மலிந்தியில் ஆரஞ்சு வாங்கிவர காமா ஆள் அனுப்பினார். நோயாளிகள் அதற்குத்தான் ஏங்கினார்கள். பலருக்கு அது தாமதம். ஓட்ட ஆளில்லாமல் சாவ் ரஃபேல் கப்பலைத் தாங்களே கொளுத்தினார்கள்.

1502-ல் மறுபடி வந்த காமா, மெக்கா யாத்திரிகர்கள் இருந்த கப்பலை ஆட்களோடு எரித்தார். அவரை நாயகனாக்க நமக்கு அவசியமில்லை. 1524-ல் வைஸ்ராயாக வந்தவர் சில மாதம்தான் இருந்தார்.

அவருக்குப் பிறகும் மாலுமிகள் சாவது நிற்கவில்லை. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே சட்டென்று தேறினார்கள். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லாருக்கும் கொடுக்க 1795 ஆனது. ஸ்கர்வி வராமலிருக்க நாளுக்கு 10 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். ஒரு கொய்யாப்பழத்தில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது.