ஆர்ச்சி ஜாக்சன்

பிராட்மனை அறியாத கிறிக்கெற் அன்பர் இலர். அவரினும் அழகாக ஆடுபவரென அக்காலத்துப் பலர் போற்றிய ஆர்ச்சி ஜாக்சனை நினைப்போர் இன்று மிகச் சிலரே.

1909ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்திலே பிறந்த இவர், சிட்னி நகரின் பால்மெயின் பகுதியில் வளர்ந்தார். 1929இல் அடிலெயிட் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராகத் தமது முதல் ரெஸ்ற் ஆட்டத்தை ஆடினார். 19 ஓட்டங்களுக்கு 3 விக்கெற்றுகள் வீழ்ந்த வேளையிலும் கலங்காது நின்று 164 ஓட்டங்கள் குவித்தார். அப்போது அவருக்கு வயது 19. மறு ஆண்டு இலண்டன் ஓவல் மைதானத்தில், லார்வூட்டின் பந்துகள் உடலைப் பதம்பார்க்கவும் அசையாது, பிராட்மனோடு சேர்ந்து 243 ஓட்டங்கள் சேர்த்தார்.

1931இல், பிரிஸ்பேன் நகரில் ஆட்டமொன்று தொடங்குமுன் இரத்தம் கக்கி வீழ்ந்தார். சயரோகம்! அந்நாளில் அதற்குத் தக்க மருந்தில்லை. மலைக்காற்றும் ஓய்வுமே சிகிச்சை. இரசிகர்கள் அவர் மீள்வார் என்றே நம்பியிருந்தனர்.

1932-33இல் லார்வூட் உடலைக் குறிவைத்து வீசுகின்றார் என்று அவுஸ்திரேலியா கொதித்தெழுந்தது. நோய்ப்படுக்கையிற் கிடந்த ஜாக்சனோ அவரது பந்துவீச்சைப் பாராட்டித் தந்தி அனுப்பினார். அடிபட்டவரல்லவா, அதன் அருமை அவருக்குத் தெரியும்!

பிரிஸ்பேனில் நான்காம் ரெஸ்ற் நடைபெற்றபோது, அதே நகரில் அவருடைய உயிர் ஊசலாடிற்று. 1933 பெப்ரவரி 16ஆம் நாள் இங்கிலாந்து தொடரை வென்றது. அன்றே ஜாக்சன் மறைந்தார். இரு அணியினரும் சென்ற புகையிரதத்திலேயே அவருடலும் சிட்னிக்குச் சென்றது. வீதியோரங்களில் மக்கள் திரண்டு நின்றனர். பெட்டியைச் சுமந்தோருள் பிராட்மனும் ஒருவர். இறந்தவருக்கு வயது 23.