காரில் பாடகர் குரல் நடுவில் நிற்பது எப்படி? ஸ்டீரியோவைத் தந்துவிட்டு 38 வயதில் இறந்த ஆலன் ப்ளூம்லைன்

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் பக்கம் காரில் போறீங்க. பாட்டு ஓடுது. ஆனா பாடகர் குரல் மட்டும் வலது கதவுக்குள்ளிருந்து வருது. இடது ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னே சந்தேகம். வேறு சில கார்களில் அதே குரல் டேஷ்போர்டுக்கு நடுவில், கண்ணாடிக்கு நேரா நிற்கும். இத்தனைக்கும் அந்த இடத்தில் ஸ்பீக்கரே இருக்காது.

இல்லாத இடத்தில் ஒலியை நிறுத்தும் இந்த வித்தைக்கு 1931-லேயே காப்புரிமை கேட்டவர் லண்டன் இன்ஜினியர் ஆலன் டவர் ப்ளூம்லைன்.

யார் இவர்?

1903 ஜூன் 29-ல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் பிறந்தார். அப்பா ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். 12 வயது வரை ப்ளூம்லைனுக்குச் சரியா வாசிக்கவே வராதுன்னு சொல்வாங்க. ஆனா 7 வயதில் வீட்டுக் காலிங் பெல்லை ரிப்பேர் செய்துவிட்டு, எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் என்று கையெழுத்துப் போட்டு அப்பாவுக்கே பில் கொடுத்ததாகவும் ஒரு கதை உண்டு.

சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறினார். 1924-ல் டெலிபோன் கம்பெனி வேலை. 1929-ல் கொலம்பியா கிராஃபோபோன் கம்பெனிக்கு மாறினார். இசைத்தட்டு வெட்டும் கருவிக்கு அமெரிக்கக் கம்பெனிக்கு ராயல்டி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காப்புரிமையில் சிக்காத புதுக் கருவியை அவர் உருவாக்கினார். 1931-ல் அந்தக் கம்பெனி இன்னொன்றோடு இணைந்து இ.எம்.ஐ. ஆனது.

தியேட்டரில் வந்த யோசனை

அதே 1931. பின்னாளில் மனைவியான டோரீனுடன் சினிமாவுக்குப் போனார். திரையின் ஒரு ஓரத்தில் நடிகர் நிற்கிறார், குரலோ வேறெங்கிருந்தோ வருது. அப்போ தியேட்டருக்கு ஒரே ஒலிதான். நம்ம சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியது 1935-ல். அங்கே எடுத்த படங்களும் இந்த ஒற்றை ஒலி முறையில் வந்தவைதான். நடிகர் நடந்தால் குரலும் கூடவே நடக்க வைக்க ஒரு வழி இருக்குன்னு டோரீனிடம் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார் ப்ளூம்லைன்.

1931 டிசம்பர் 14-ல் விண்ணப்பித்த அந்தக் காப்புரிமையில் 70 உரிமைக் கோரிக்கைகள். எண் 394325. இரண்டு மைக்கை ஒரே இடத்தில் வேறு வேறு திசை பார்த்து வைப்பது, தட்டின் ஒரே பள்ளத்தில் இரண்டு ஒலியையும் வெட்டுவது, இரண்டு ஸ்பீக்கரில் அதைத் திருப்பித் தருவது எல்லாமே அதில் இருந்தது. 1934 ஜனவரியில் அபே ரோடு ஸ்டுடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய மொஸார்ட் இசையை இந்த முறையில் பதிவு செய்தார். 1935-ல் ஹேய்ஸ் ஸ்டேஷனில் ரயில் போவதைப் படம் பிடித்தார். ரயிலோடு சத்தமும் திரையில் நகர்ந்தது.

அதோடு நின்றது. கம்பெனிக்கு டெலிவிஷன்தான் அவசரம். ப்ளூம்லைனும் அங்கே மாற்றப்பட்டார்.

கார்ல மட்டும் ஏன் சிக்கல்?

நம் இரண்டு காதுகளுக்கும் நடுவே சுமார் 20 செ.மீ. எந்தக் காதுக்கு முதலில் வருது, எதில் சத்தம் கூட, இந்த இரண்டை வைத்துதான் மூளை திசை சொல்லுது. இரண்டு ஸ்பீக்கரும் சம தூரத்தில் சம அளவில் பாடினால் குரல் நடுவில் நிற்கும்.

நம்ம ஊர் டிரைவர் உட்காருவது வலது பக்கம். இடது ஸ்பீக்கர் 34 செ.மீ. கூடுதல் தூரத்தில் இருந்தாலே ஒலி 1 மில்லி செகண்ட் லேட். அது போதும், குரல் வலது கதவுக்கு ஓடிவிடும். இதற்குத்தான் புது பிளேயர்களில் டைம் அலைன்மென்ட்: வலது ஸ்பீக்கரை அதே 1 மில்லி செகண்ட் தாமதப்படுத்தினால் குரல் நடுவுக்கு வரும். ஆனா டிரைவருக்குச் சரி செய்தால் பக்கத்து சீட்டுக்காரருக்கு இன்னும் கெடும்.

ட்வீட்டர் கதவின் அடியில் இருந்தால் முழங்கால் மறைக்கும். டேஷ்போர்டு மேலேயோ கண்ணாடி ஓரத் தூணிலோ இருப்பது நல்லது. சப்வூஃபர் டிக்கியில் இருக்கலாம், ஆழமான பாஸ் சத்தத்துக்குத் திசை தெரியாது. பின் சீட்டு ஸ்பீக்கரை முழுசா ஏற்றிவிட்டால் மேடையே முதுகுக்குப் பின்னால் போயிடும். காசு செலவழிக்கும் முன் ஃபேடரை முன்பக்கம் திருப்பிப் பாருங்க.

ஒரு டாப்பெட் நட்

போர்க்காலத்தில் ப்ளூம்லைன், விமானத்திலிருந்து தரையைப் பார்க்கும் எச்2எஸ் ரேடார் வேலைக்குப் போனார். 1942 ஜூன் 7-ல் அதைச் சோதிக்கப் பறந்த ஹாலிஃபாக்ஸ் விமானத்தின் வலது ஓர இன்ஜினில் தீப்பிடித்தது. ஹியர்ஃபோர்ட்ஷயரில் வெல்ஷ் பிக்னர் அருகே விழுந்து, இருந்த 11 பேரும் இறந்தனர்.

காரணம், சரியா முறுக்காமல் விட்ட டாப்பெட் நட். நாமக்கல் லாரிப் பட்டறையில் கை வேலை பழகுற பையனுக்குக்கூட டாப்பெட் செட்டிங் என்னன்னு தெரியும். அந்த நட் தளர்ந்து, வால்வு உடைந்து, இன்ஜின் எரிந்தது.

ரேடார் ரகசியம் என்பதால் அவர் இறந்த செய்தி போர் முடியும் கட்டம் வரை வெளியே வரவில்லை. மொத்தம் 128 காப்புரிமைகள் அவர் பெயரில். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1950-களின் கடைசியில். பள்ளத்தின் இரண்டு சுவரிலும் ஒலியை வெட்டும் அதே முறைதான். 2017-ல் அவருக்கு டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள், இறந்து 75 வருஷம் கழித்து.