கிராமங்களைக் கடனிலிருந்து மீட்ட ரைபைஸன்

கிராம சேவையில் இறங்கும் நம் அன்பர்களில் பெரும்பாலோர் முதலில் கையில் எடுப்பது நன்கொடைப் புத்தகமே. செல்வர் வாயில்தோறும் சென்று பொருள் திரட்டுகிறார்கள். அப்பொருளைக் கொண்டு ஓர் ஊருக்கு வேண்டிய உதவியைச் செய்துவிட்டு அடுத்த ஊருக்குச் செல்கிறார்கள். கொடுத்தவர் புண்ணியம் தேடிக்கொண்டோம் என்று திருப்தி அடைகிறார். பெற்றவர் மறுவருஷமும் அக்கை வருமென்று காத்திருக்கிறார். கை வராத வருஷத்தில் ஊர் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. இம்முயற்சிகளில் ஊக்கத்திற்கோ தியாகத்திற்கோ குறைவில்லை. ஆயினும் பலன் ஏன் நிலைப்பதில்லை? இக்கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டு விடை கண்டவர் ஜெர்மனி தேசத்து பிரெடெரிக் வில்ஹெல்ம் ரைபைஸன். நம் நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கெல்லாம் மூலபுருஷர்களில் ஒருவரான அவருடைய சரித்திரத்தை இன்று நம் வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

ரைன் நதிக்குக் கிழக்கே வெஸ்டர்வால்ட் என்னும் மேட்டுநிலப் பிரதேசம் இருக்கிறது. மண் வளம் குறைந்த, குளிர் மிகுந்த சீமை. அதை அடுத்து, ஸீக் நதிக்கரையிலுள்ள ஹாம் என்னும் சிற்றூரில் 1818-ம் வருஷம் மார்ச் மாதம் 30-ந் தேதி ரைபைஸன் பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் ஏழாமவர். தந்தையார் சில காலம் அவ்வூர்த் தலைவராக இருந்தவர்; எனினும் குடும்பம் எளிமையில் வீழ்ந்தது. உயர்தரப் பள்ளிக்குச் செல்ல வசதியில்லாத சிறுவனுக்கு அவ்வூர்ப் பாதிரியாரே கல்வி புகட்டினார். பதினேழாம் வயதில் ரைபைஸன் பிரஷ்ய ராணுவத்தின் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கண்ணோய் பற்றிக்கொண்டதால் 1843-ல் அந்த உத்தியோகத்தை விட நேர்ந்தது. அந்நோய் அவரைக் கடைசி வரையில் விடவில்லை. படையை விட்டவர் சிவில் நிர்வாகத்தில் நுழைந்து, 1845-ல் வெயர்புஷ் என்னும் இடத்தில் பல கிராமங்கள் அடங்கிய வட்டாரத்திற்குத் தலைவரானார். அப்பொழுது அவருக்கு வயது முப்பதுக்கும் குறைவு.

பதவி ஏற்ற மறு வருஷமே விளைச்சல் பொய்த்தது. உருளைக்கிழங்கு நோயால் அழுகியது; தானிய விலை ஏறியது. 1846-47 குளிர்காலத்தில் ஏழைகளின் வீட்டில் ரொட்டியில்லை. சர்க்கார் மாவு அனுப்பிற்று. ஆனால் ரொக்கம் கொடுப்பவர்களுக்கே அதை விற்க வேண்டுமென்று உத்தரவும் உடன் வந்தது. பசித்தவனிடம் ரொக்கம் ஏது? ரைபைஸன் அவ்வுத்தரவைப் பொருட்படுத்தாமல் ஏழைகளுக்கு மாவைக் கடனாக வழங்கினார். பிறகு ஊரிலுள்ள வசதி படைத்தவர்களிடம் பொருள் திரட்டி ரொட்டிச் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார். சங்கம் தானியம் வாங்கிற்று. பொது ரொட்டி அடுப்பு ஒன்றைக் கட்டிற்று. கடைவீதி விலையில் ஏறக்குறையப் பாதிக்கு ரொட்டி கொடுத்தது. வாங்கியவர்கள் பிறகு கடனை அடைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். இலவசமாகக் கொடுக்காமல், திருப்பித் தரவேண்டிய கடனாகக் கொடுத்தார் என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவருடைய பிற்காலக் கொள்கைக்கு அங்கேயே வித்து ஊன்றப்பட்டது.

அவர் கண்ட இரண்டாவது உண்மை சாலையைப் பற்றியது. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லாத ஊர் எப்படி முன்னேறும்? ஆகவே வெயர்புஷிலிருந்து ரைன் நதிப் பள்ளத்தாக்கை நோக்கிச் செல்லும் பாதையை அமைப்பதில் ஈடுபட்டார். பின்னர் மாற்றலாகிச் சென்ற இடங்களிலும் அவ்வேலையைத் தொடர்ந்தார். அந்தப் பாதை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

1848-ல் பிளாமர்ஸ்பெல்டு என்னும் வட்டாரத்திற்கு மாற்றப்பட்டார். அங்கே பஞ்சம் நீங்கியிருந்தது. ஆனால் கடன் நீங்கவில்லை. குடியானவன் மாடு வாங்கக் கடன் வாங்குவான். வட்டி கட்ட முடியாமல் மாட்டை இழப்பான். பிறகு நிலத்தையும் இழப்பான். 1849-ல் ரைபைஸன் அங்குள்ள வசதி படைத்தவர் அறுபது பேரை ஒன்றுசேர்த்து ஓர் உதவிச் சங்கம் அமைத்தார். அவர்கள் அனைவரும் சேர்ந்து ஜாமீன் நின்றதால் சங்கத்திற்கு மலிவான வட்டியில் பணம் கிடைத்தது. சங்கம் மாடுகளை வாங்கி ஏழைக் குடியானவர்களுக்குக் கொடுத்தது; அவர்கள் ஐந்து வருஷத் தவணையில் விலையைச் செலுத்தினார்கள். பிறகு மாட்டுக்குப் பதிலாகப் பணமே கடனாகக் கொடுக்கப்பட்டது.

1852-ல் நாய்வீட் நகரை அடுத்த ஹெட்டெஸ்டார்புக்குச் சென்றார். அங்கே 1854-ல் தர்ம சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். அநாதைக் குழந்தைகளைப் பேணுவது, சிறையிலிருந்து விடுதலையானோருக்கு வேலை தேடித் தருவது, ஏழைகளுக்கு மாடு வாங்கக் கடன் கொடுப்பது, நூல்நிலையம் நடத்துவது ஆகிய பல நோக்கங்களை அது மேற்கொண்டது. நம் காலத்துச் சேவா சங்கங்களின் திட்டங்களைப் போலவே அதன் திட்டமும் விரிவானது. ஆனால் நாளடைவில் கடன் கொடுக்கும் பகுதி ஒன்றே உயிருடன் நின்றது. செல்வர்களின் உற்சாகமும் தளர்ந்தது. அவர்களுக்கு அதில் பொறுப்பு மட்டுமே இருந்தது, தேவை இருக்கவில்லை. கடன் வாங்கியவனுக்கோ தேவை மட்டுமே இருந்தது. சங்கத்தில் பொறுப்பும் இல்லை, பேசும் உரிமையும் இல்லை.

இத்தருணத்தில் ரைபைஸனின் சொந்த வாழ்விலும் பேரிடி விழுந்தது. 1863-ல் மனைவி எமிலி காலமானார். அவருடைய தேக நலமும் குலைந்தது. பார்வை மேலும் மங்கிற்று. அந்நிலையில்தான் தம் பதினைந்து வருஷ உழைப்பின் அடிப்படையே பிழையானது என்று ஒப்புக்கொள்ளும் மனோதிடம் அவருக்கு வந்தது. பரோபகாரத்தை மாத்திரம் அஸ்திவாரமாகக் கொண்ட சங்கம் நிலைக்காது என்று கண்டார். 1864-ல் தர்ம சங்கத்தை மாற்றி ஹெட்டெஸ்டார்பு கடன் சங்கத்தை ஏற்படுத்தினார். கடன் வேண்டுவோன் அங்கத்தினனாகச் சேரவேண்டும். சங்கத்தின் கடனுக்கு மற்றவர்களுடன் தானும் ஜவாப்தாரியாக வேண்டும். செல்வரும் எளியவரும் ஒரே சங்கத்தில் சமமாக உட்கார்ந்தனர்.

அவர் வகுத்த விதிகள் எளியவை; ஆனால் கடுமையானவை. சங்கத்தின் எல்லை சிறியதாயிருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறிந்திருந்தாலன்றி யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று தீர்மானிக்க இயலாது. சங்கம் முறிந்தால் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பேற்க வேண்டும். நிர்வாகிகளுக்குச் சம்பளமில்லை, கணக்கருக்கு மாத்திரம் ஊதியம் உண்டு. விளைவைப் பெருக்கும் காரியத்திற்கே கடன். குடியானவனின் வருமானத்திற்கு ஏற்றபடி நீண்ட தவணை. லாபத்தை அங்கத்தினர் பங்கிட்டுக்கொள்ளாமல், எவராலும் பிரிக்க முடியாத பொது நிதியில் சேர்க்க வேண்டும். கடன் பத்திரங்களையும் ஜாமீன் பத்திரங்களையும் வாசித்துப் பழகிய நமக்கு, வரம்பில்லாத பொறுப்பு என்ற சொல்லே அச்சம் தருவது. ஆனால் சொத்தில்லாத குடியானவன் ஈடு காட்டக்கூடியது வேறு என்ன? அவனுடைய நாணயமும் அண்டை வீட்டாரின் நாணயமுமே. அவை இரண்டையும் ஒன்றாகக் கட்டியதே ரைபைஸன் செய்த காரியம்.

1865-ல் உடல்நிலை காரணமாக உத்தியோகத்திலிருந்து விலகினார். கிடைத்த உபகாரச் சம்பளம் போதவில்லை. சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். பிறகு திராட்சரச வியாபாரம் செய்தார். ஊராரின் பணத்தைக் கையாளும் சங்கங்களை ஸ்தாபித்தவர் தம் ஜீவனத்திற்கு இவ்வாறு தனியே உழைத்தார். 1866-ல் கடன் சங்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பார்வையிழந்த தந்தைக்குக் கண்ணாகவும் கையாகவும் இருந்தவர் மூத்த மகள் அமாலியா. கடிதங்களை வாசிப்பதும் அவர் சொல்லச் சொல்ல எழுதுவதும் அம்மாதின் வேலை. அவர் மணம் செய்துகொள்ளவேயில்லை. கூட்டுறவு இயக்கத்தின் சரித்திரம் எழுதுவோர் அவ்வம்மையாருக்கு இன்னும் அதிக இடம் அளிக்க வேண்டுமென்பது நம் கருத்து.

எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. நகரத்துத் தொழிலாளரிடையும் சிறு வியாபாரிகளிடையும் கடன் சங்கங்களை நிறுவிய ஷுல்ட்ஸே டெலிட்ஷ் என்பவர், பங்குத் தொகையில்லாத சங்கமும் நீண்ட தவணைக் கடனும் ஆபத்தானவை என்று வாதித்தார். கிராமச் சங்கங்களுக்குப் பொதுவாக ரைபைஸன் 1872 முதல் அமைத்த மத்திய பாங்கிகள் சட்டத்திற்குப் பொருந்தா என்ற ஆட்சேபமும் எழுந்தது. அவர் பின்வாங்கவில்லை. 1876-ல் நாய்வீடில் மத்தியக் கடன் நிலையத்தைக் கம்பெனி வடிவில் அமைத்தார். மறு வருஷம் சங்கங்களின் சம்மேளனத்தையும் நிறுவினார். 1888-ம் வருஷம் மார்ச் மாதம் 11-ந் தேதி, எழுபதாவது பிறந்த தினத்திற்குச் சில நாட்களே இருக்கையில் காலமானார்.

அவரிடம் குறையுமுண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. கடன் கொடுமையைக் கண்டிக்கையில், யூத வியாபாரிகளை ஒரு சமூகமாகவே பழிக்கும் துவேஷத்திற்கு அவரும் இடங்கொடுத்தார். கொடுமை செய்வது வட்டியேயன்றி வட்டிக்காரன் பிறந்த ஜாதியன்று. பிற்காலத்தில் அந்தத் துவேஷம் அந்நாட்டில் விளைத்த கோரத்தை அறிந்த நாம், பெரியோரிடத்தும் கொள்ளத்தக்கதைக் கொண்டு தள்ளத்தக்கதைத் தள்ள வேண்டும்.

நம் மாகாணத்திற்கும் அவருக்கும் உள்ள தொடர்பு நேரானது. சென்னை அரசாங்கம் அனுப்பிய பிரெடெரிக் நிக்கல்ஸன் ஐரோப்பிய முறைகளை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் வெளியிட்ட அறிக்கையின் சாரமே, இந்நாட்டிற்கு ஒரு ரைபைஸன் வேண்டுமென்பதுதான். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் விவசாயிகளின் சங்கம் தொடங்கிற்று. ஆனால் ஒரு வித்தியாசம். ரைபைஸன் நாட்டில் சங்கம் முந்தி வந்தது; சட்டம் 1867-ல்தான் அதைப் பின்தொடர்ந்தது. இங்கே சட்டம் முந்தியது, சங்கம் பிந்தியது. ஆகையால் சங்கத்தைச் சர்க்காரின் கிளை என்றும், கடனைச் சர்க்காரின் கொடை என்றும் கருதும் மனோபாவம் நம் ஜனங்களிடம் வேரூன்றிவிட்டது. அன்னியர் ஆட்சி 1947-ல் அகன்றது. அம்மனோபாவம் அத்துடன் அகலவில்லை.

கூட்டுறவு என்னும் எண்ணத்தையும் அதன் நடைமுறையையும் 2016-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. அவர் பெயர் தாங்கிய பாங்கிகள் பல நாடுகளில் நடக்கின்றன. எனினும் அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை பெயர்ப் பலகையில் இல்லை. பொருள் திரட்டும் நம் அன்பர்கள் தாராளமாகத் திரட்டட்டும். முதல் ரொட்டிக்கு நன்கொடை வேண்டியதுதான். ஆனால் அடுத்த வருஷத்து ரொட்டிக்கு யார் பொறுப்பு என்று ஊராரையே கூட்டிவைத்துக் கேட்கட்டும். பணப்பெட்டியின் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் அவர்கள் கையிலேயே ஒப்புவிக்கட்டும். பொறுப்பை ஏற்றுக்கொண்ட கிராமமே சுயராஜ்யம் பெற்ற கிராமம் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.