கொல்லர் மகன் மைக்கேல் பாரடே

குளிர்பதனப் பெட்டியின் தத்துவத்தை வகுப்பில் விளக்கும்போது மைக்கேல் பாரடேயின் வாழ்வையும் நாம் மாணவர்க்குச் சொல்வதுண்டு. 1791இல் இலண்டன் அருகே ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்த அவர், 14ஆம் வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டுக்கு வந்த நூல்களே அவருக்குப் பள்ளிக்கூடமாயின. 1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளைத் தம் கையாலேயே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவியின் உதவியாளரானார். ஆயினும், அவ்வாண்டு தொடங்கிய ஐரோப்பியப் பயணத்தில் டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார், உணவும் பணியாளருடனேதான். இவ்விழிவு எத்தகையது என்பதை நம் இளைஞர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

1823இல் அதே பாரடே, அடைத்த கண்ணாடிக் குழாய்க்குள் குளோரின் வாயுவை அதன் அழுத்தத்தாலேயே திரவமாக்கினார். குழாய் வெடித்துக் கண்ணில் கண்ணாடித் துண்டுகள் பாய்ந்தபோதும் ஆய்வை விட்டாரில்லை. அம்மோனியாவும் அவ்வாறே திரவமாயிற்று. அழுத்தம் நீங்கினால் அத்திரவம் ஆவியாகும். ஆவியாகும்போது சூழ உள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் ஆவியாதலால் அன்றோ! பனிக்கட்டி ஆலைகளில் அம்மோனியா இன்றும் இப்பணியையே செய்கிறது.

சிறுவர்க்கான கிறிஸ்துமஸ் விரிவுரைகளை 1827 முதல் 19 ஆண்டுகளில் அவரே நிகழ்த்தினார். 1860இல் நிகழ்த்திய கடைசித் தொடருக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தி.