கோட்டையிற் சிறையிருந்த சீகன்பால்கு ஐயர்

பிரான்சு முதலிய தேசங்களின் நாட்டுப்புறங்களிலே பழைய பிரபுக்கள் எழுப்பிய கோட்டைகளைக் காண யாத்திரிகர் திரளாகச் செல்வர். நம் மாயூரத்திலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சென்றால், ஐரோப்பியர் கட்டிய கோட்டையொன்று கடலைப் பார்த்து நிற்கக் காணலாம். 1926 முதல் 1986 வரை ரயிலேறியே போகும் வசதியும் இருந்தது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, ஓவே கியெத்தே என்னும் டேனிஷ் தளபதி 1620-இல் அடிகோலிய தரங்கம்பாடி டான்ஸ்பர்க் கோட்டையே அது. அதில் வீற்றிருந்து ஆண்ட அதிபதிகளின் பெயரை இன்று வினவுவார் அரியர். அங்கே கைதியாயிருந்த ஒருவருடைய பெயரையே வருவோர் வினவுகின்றனர்.

பர்த்தொலொமேயு சீகன்பால்கு ஐயர் ஜெர்மனியிலுள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரில் 1682-ஆம் வருஷம் பிறந்தவர். டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக்கால் அனுப்பப்பெற்று, புளூச்சோ ஐயருடன் 1706 ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அரசரின் ஆணை கையிலிருந்தும் கும்பினியாரின் முகம் மலரவில்லை. சுவிசேஷ ஊழியம் தங்கள் வியாபாரத்திற்கு இடையூறாகும் என்பது அவர்கள் கருத்து.

ஐயரோ அதனைப் பொருட்படுத்தாது, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தாமும் ஒரு பிள்ளையாய் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு 1708-இல் ஓர் அட்டவணையும் வரைந்தார். வந்து இரண்டாண்டே ஆன அந்நியர் ஒருவர் இதைச் செய்தார் என்பது நம்மனோர் சற்றே நாணத்தக்கது.

அவ்வாண்டு நவம்பரிலேதான் இடி விழுந்தது. கணவனையிழந்த தமிழ்ப் பெண்ணொருத்தியின் கடன் வழக்கிலே ஐயர் அவளுக்காகப் பரிந்து பேசினார். அதிபதி ஹாசியுஸ் சினந்து அவரைக் கோட்டையில் அடைத்தார். ஐயரும் சாந்தமே உருவானவர் அல்லர்; எவர் முன்னும் சொல்லை அடக்கியறியார். ஆயினும் ஓர் ஏழை விதவையின் பொருட்டு நான்கு மாதம் சிறையிருந்தது அவருக்கு இழுக்காகாது. சிறையிலும் இரண்டு நூல்கள் எழுதினார். 1709 மார்ச்சில் விடுதலை பெற்றார்.

நிற்க. விடுதலைக்குப்பின் அவர் செய்தவை பல. புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-இல் அச்சேற்றி முடித்தார். காகிதப் பஞ்சம் தீரப் பொறையாற்றில் காகிதம் செய்யும் பட்டறை எழுந்தது. கடுதாசிப்பட்டறை என்னும் இடப்பெயர் அதற்குச் சான்று. தென்னாட்டுத் தெய்வங்களைப்பற்றி 1713-இல் விரிவாக ஒரு நூலெழுதி ஐரோப்பாவிற்கு அனுப்பினார். ஹாலே நகரத்துப் பெரியோர் அதனை விரும்பினாரில்லை. புறமதத்தை ஒழிக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் ஆட்சேபம். அந்நூல் 1867-இல் சென்னையிலேதான் அச்சாயிற்று. அவரைச் சிறையிட்டவரும், அவர் நூலை முடக்கியவரும் ஐரோப்பியரே. அவருக்கு எழுத்தறிவித்தது இந்நாடு.

ஐயர் 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்து, மறு ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி, தமது முப்பத்தாறாம் வயதில் தேகவியோகமானார். அவ்வாலயத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டார். கோட்டையை டேனியர் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றனர். இப்பொழுது அது தொல்லியல் துறையின் பொருட்காட்சிசாலை. அதன் வாயிலிலிருந்து ஐயரின் கல்லறைக்குச் சில நிமிஷ நடையே.